பூச்சியின் மூன்று சட்டைகள்: ஒரு நூல்கட்டில் தொடங்கிய நூறு வருடக் கதை

ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டதும் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கரப்பான்பூச்சி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

"இது வேற ஜாதி கரப்பான்", "ஏதோ நோய் வந்த கரப்பான்" என்று வீட்டுக்கு வீடு ஒரு விளக்கம் இருக்கும். இரண்டும் இல்லை. இப்போதுதான் சட்டை உரித்த சாதாரண கரப்பான் அது. சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பழையபடி பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்றைய இழை இந்தச் சட்டையைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நமக்கு எலும்பு உள்ளே. பூச்சிக்கு எலும்பும் தோலும் ஒன்றாகி வெளியே. கைட்டின் என்ற நாரும் அதோடு பின்னிய புரதங்களும் சேர்ந்த மேலோடு அது. நல்ல உறுதி, தண்ணீர் வற்றாது. ஆனால் ஒரு பெரிய தொல்லை: அது வளராது. ஜூன் மாதம் தைத்த பள்ளிச் சீருடை மார்ச் மாதம் பிள்ளைக்குப் பற்றாமல் போகுமே, அதே கதை. உடல் வளர வளர, உள்ளே புதுசு தைத்துக்கொண்டு பழையதைக் கழற்றிப் போட வேண்டும்.

கரப்பானுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே மாடல்தான், சைஸ் மட்டும் பெரிசு. பட்டுப்புழுவுக்கு அப்படி இல்லை. புழுவுக்கு மெத்தென்று வளைகிற சட்டை. கூட்டுப்புழுவுக்கு விறைப்பான பழுப்புச் சட்டை. அந்துப்பூச்சிக்குச் செதில் ஒட்டிய, இறக்கையோடு கூடிய சட்டை. மூன்றும் மூன்று விதம், மூன்றிலும் உள்ள புரதங்களும் வேறு வேறு.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? இந்த மூன்றையும் தைப்பது மேலோட்டுக்கு அடியில் உள்ள ஒற்றை வரிசை செல்கள்தான். அந்துப்பூச்சியின் வயிற்றுப் பகுதியில் அதே செல் வரிசை முதலில் புழுச் சட்டையும், அடுத்து கூட்டுப்புழுச் சட்டையும், கடைசியில் பூச்சிச் சட்டையும் தைக்கிறது. டிஎன்ஏ மாறவில்லை. டெய்லர் ஒருவரே, கடையும் ஒன்றே. ஆர்டர் மட்டும் மாறுகிறது.

அந்த ஆர்டரை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆனது. அந்தத் தேடலின் நடுவில், நான் தினமும் சீட்டில் எழுதும் ஸ்டீராய்டு மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற பதிலும் கிடைத்தது. ஒரு டாக்டர் எதற்குப் பூச்சிக் கதை சொல்கிறார் என்று யோசிப்பவர்களுக்குக் காரணம் அதுதான்.

கதை ஒரு நூல்கண்டில் தொடங்குகிறது.

போலந்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் கோபெச், முதல் உலகப்போர் காலத்தில் ஜிப்சி அந்துப்பூச்சியின் புழுக்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குச் சில வருடம் முன்னால்தான், 1912ல், குடெர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தார். அவை அவசர அவசரமாகத் தவளையாக மாறின. உருமாற்றத்தின் பின்னால் ஹார்மோன் இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே காற்றில் இருந்தது. ஆனால் பூச்சிக்கும் ஹார்மோன் உண்டா? இல்லை என்பதுதான் பெரும்பாலோர் நம்பிக்கை.

கோபெச் செய்தது ரொம்ப எளிய வேலை. புழுவின் நடு உடம்பில் நூலால் இறுக்கக் கட்டினார். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ரத்த ஓட்டம் நின்றது.

கடைசிப் பருவத்தின் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்பு கட்டினால் முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாக மாறியது, பின்பாதி புழுவாகவே கிடந்தது. அந்த நாளுக்குப் பிறகு கட்டினால் இரண்டு பாதியும் மாறின. அப்படியானால் முன்பக்கம் இருந்து ஏதோ ஒன்று அந்த நாளில்தான் ரத்தத்தில் கலக்கிறது.

நரம்பு வழியாகச் செய்தி போகிறதோ என்று நரம்பு வடத்தை வெட்டிப் பார்த்தார். மாற்றத்தில் ஒரு குறையும் இல்லை. மூளையை எடுத்துப் பார்த்தார். குறிப்பிட்ட நாளுக்கு முன் எடுத்தால் புழு மாறவே இல்லை. பிறகு எடுத்தால், மூளை இல்லாமலேயே கூட்டுப்புழு ஆனது.

1917லும் 1922லும் இதை வெளியிட்டார். மூளை ஒரு பொருளைச் சுரக்கிறது, அது ரத்தத்தில் கலந்து உருமாற்றத்தைத் தொடங்கி வைக்கிறது என்றார்.

இன்று இதைப் படித்தால் "சரி, இருக்கட்டும்" என்று தோன்றும். அன்றைக்கு நரம்புத் திசு ஹார்மோன் சுரக்கும் என்பதே கேள்விப்படாத விஷயம். மருத்துவக் கல்லூரி முதல் வருடத்தில் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி என்று படிக்கிறோமே, மூளை சுரப்பி வேலையும் பார்க்கும் என்ற அந்த எண்ணத்துக்குச் சோதனை ஆதாரம் முதலில் கிடைத்தது ஒரு கம்பளிப்புழுவிடம். கோபெச் சொன்னதைப் பல வருடம் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் முடிவு கொடுமையானது. 1941 மார்ச்சில் வார்சாவில் நாஜி ஆதரவு நடிகர் ஒருவரை போலந்து எதிர்ப்புப் படையினர் சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க, ஜெர்மானியர் சிறையில் இருந்தவர்களைப் பக்கத்தில் உள்ள பால்மிரி காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அதில் ஒருவர் பேராசிரியர் கோபெச். அவர் மகனும் உடன் கொல்லப்பட்டார்.

இதற்கிடையில் லண்டனில் இன்னொருவர் அதே கேள்வியை வேறு பூச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த். மருத்துவம் படித்துத் தேறியவர், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பார்த்த "பேஷன்ட்" பூச்சிதான். லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் வளர்த்தது ரோட்னியஸ் என்ற ரத்தம் குடிக்கும் மூட்டை. தென் அமெரிக்காவில் சாகாஸ் நோயைப் பரப்பும் கூட்டத்தைச் சேர்ந்தது.

இந்த மூட்டையிடம் ஒரு வசதி உண்டு. ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முறை வயிறு முட்ட ரத்தம் குடித்தால் போதும். வயிறு விரிந்த செய்தி மூளைக்குப் போய், கடிகாரம் வைத்தாற்போல இத்தனாவது நாள் சட்டை உரிக்கும். எப்போது ரத்தம் கொடுக்கிறோமோ அப்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

விக்கிள்ஸ்வொர்த் தலையை வெட்டிப் பார்த்தார். பயப்படாதீர்கள், தலை போனாலும் இந்த மூட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரத்தம் குடித்த உடனே தலையை எடுத்தால் சட்டை உரிக்கவே இல்லை. சில நாள் கழித்து எடுத்தால் தலையில்லாமலேயே உரித்தது. கோபெச் பார்த்த அதே "குறிப்பிட்ட நாள்".

அடுத்து, தலையில்லாத இரண்டு மூட்டைகளை மெழுகு வைத்து ஒட்டி, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். குறிப்பிட்ட நாளைத் தாண்டிய மூட்டையின் ரத்தம், தாண்டாத மூட்டையையும் சட்டை உரிக்க வைத்தது.

உண்மையான திருப்பம் 1934 முதல் 1936 வரையிலான வேலையில் வந்தது. சட்டை உரிக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று இருக்கிறது, சரி. ஆனால் அடுத்த சட்டை குஞ்சுச் சட்டையா, பெரியவர் சட்டையா என்று தீர்மானிப்பது யார்? மூளைக்குப் பின்னால் உள்ள கார்ப்பஸ் அல்லாட்டம் என்ற குட்டிச் சுரப்பிதான் என்று காட்டினார். இளம் மூட்டையின் அந்தச் சுரப்பியை எடுத்துக் கடைசிப் பருவ மூட்டைக்குள் வைத்தால், அது பெரியதாக மாறாமல் இன்னொரு முறை குஞ்சுச் சட்டையே போட்டுக்கொண்டு ராட்சசக் குஞ்சாக நின்றது. மாறாக, ரொம்பச் சின்ன மூட்டையைக் கடைசிப் பருவ மூட்டையோடு ஒட்டினால், அது அவசரமாகக் குள்ளப் பெரியவர் ஆனது.

இதற்குத்தான் இளமை ஹார்மோன் என்று பெயர் வந்தது. "சட்டையை மாத்து" என்பது ஒரு ஹார்மோனின் உத்தரவு. "பழைய மாடலே போதும், புதுசு வேண்டாம்" என்பது இளமை ஹார்மோனின் உத்தரவு. இளமை ஹார்மோன் ரத்தத்தில் இல்லாத நேரத்தில் உரித்தால் மாடல் மாறும்.

பின்னாளில் விக்கிள்ஸ்வொர்த் ஒரு குறும்பு செய்தார். இளமை ஹார்மோனை மையாக வைத்து, கடைசிப் பருவ மூட்டையின் வயிற்றில் தன் பெயரின் முதல் எழுத்துகளை எழுதினார். வி, பி, டபிள்யூ. மூட்டை வளர்ந்து பெரியவரானது. வயிறு முழுக்கப் பெரியவர் சட்டை. எழுத்து பட்ட இடத்தில் மட்டும் குஞ்சுச் சட்டை! பக்கத்துப் பக்கத்து செல்கள், ஒரே ரத்தம். ஹார்மோன் தொட்ட செல் ஒரு துணியைத் தைக்கிறது, தொடாத செல் வேறு துணியைத் தைக்கிறது. மேலோட்டுப் புரதங்களின் மரபணுக்களை ஹார்மோன் ஆள்கிறது என்பதற்கு இதைவிட அழகான காட்சி நான் பார்த்ததில்லை, அந்த மரபணுக்களை யாரும் கண்டறிவதற்கு முன்பே அவர் இதை எழுதிவிட்டார்.

சரி, சட்டை உரிக்கச் சொல்லும் அந்த முதல் ஹார்மோன் எது?

ஜப்பானில் ஃபுகுடா 1940ல் பட்டுப்புழுவின் மார்புப் பகுதியில் உள்ள சுரப்பியில்தான் அது உருவாகிறது என்று காட்டினார். அமெரிக்காவில் கரோல் வில்லியம்ஸ் (இவரும் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர்) 1940களின் பிற்பகுதியில் செக்ரோபியா என்ற பெரிய பட்டு அந்துப்பூச்சியை வைத்து இரண்டு கதைகளையும் இணைத்தார். மூளை நேரடியாக உருமாற்றம் செய்வதில்லை. மூளை மார்புச் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது, மார்புச் சுரப்பி ஹார்மோனைக் கொடுக்கிறது. நம் உடம்பில் பிட்யூட்டரி தைராய்டைத் தட்டுவது போல.

பிறகு வேதியியல் ஆட்கள் வந்தார்கள். ஜெர்மனியில் அடோல்ஃப் பூட்டனான்ட். மனிதப் பாலியல் ஹார்மோன்களுக்காக 1939 நோபல் பெற்றவர், ஹிட்லர் அரசு வாங்க விடாததால் போருக்குப் பின்தான் கையில் வாங்கினார். அவரும் பீட்டர் கார்ல்சனும் சேர்ந்து பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடிக்க ஆரம்பித்தார்கள். 1954ல் கையில் கிடைத்தது 25 மில்லிகிராம் படிகம். அதற்காக அரைத்த கூட்டுப்புழுக்கள் 500 கிலோ. ஒரு லாரி லோடு போட்டு, ஒரு மாத்திரையில் கால்வாசிகூடத் தேறாத அளவு.

அதற்கு எக்டைசோன் என்று பெயர் வைத்தார்கள். அது என்ன வகைப் பொருள் என்று எக்ஸ்ரே படிகவியல் மூலம் முழுதாகத் தெரிந்தது 1965ல். ஸ்டீராய்டு! நம் கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். கொலஸ்ட்ராலில் இருந்துதான் இதுவும் உருவாகிறது. பூச்சியால் கொலஸ்ட்ராலைச் சுயமாகத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில் இருந்து வரவேண்டும். கொலஸ்ட்ரால் என்றாலே வில்லன் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் அந்துப்பூச்சியை நினைத்துப் பாருங்கள், அது இல்லாவிட்டால் அதற்குச் சிறகே கிடையாது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கழுவாமல் விட்ட தண்ணீர்த் தொட்டியில் சிவப்பாக நூல் மாதிரி நெளியும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். "தொட்டியில ரத்தப்புழு வந்துடுச்சு டாக்டர்" என்று சிலர் பாட்டிலில் பிடித்துக்கொண்டே ஓ.பி.க்கு வருவார்கள். அது கைரோனோமஸ் என்ற, கடிக்காத கொசு போன்ற பூச்சியின் புழு. சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின். மனித உடம்பில் ஒட்டுண்ணியாக வாழாது, பயப்பட வேண்டாம். தொட்டியைக் கழுவுங்கள், அது போதும்.

இந்தப் புழுவின் எச்சில் சுரப்பி செல்களில் குரோமோசோம்கள் ராட்சச அளவில் இருக்கும். செல் பிரியாமலேயே டிஎன்ஏ மட்டும் ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுத்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குறுக்குக் கோடு போட்ட கயிறு போல நிற்கும். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். அந்தக் கயிற்றில் சில இடங்கள் சில நேரங்களில் புஸ்ஸென்று உப்பும். அங்கே மரபணு விழித்து வேலை செய்கிறது என்று 1950களில் ஜெர்மனியில் பெயர்மன் முதலானவர்கள் வாதிட்டார்கள்.

1960ல் உல்ரிக் கிளெவர் என்ற இளைஞரும் கார்ல்சனும், அந்த 500 கிலோவில் பிறந்த எக்டைசோனில் ஒரு துளியை இந்தப் புழுவுக்குள் ஊசி போட்டார்கள். குரோமோசோமை எடுத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட இடம் உப்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. புழு இயல்பாகக் கூட்டுப்புழுவாக மாறப் போகும்போது எந்த இடங்கள் உப்புமோ, அதே இடங்கள், அதே வரிசையில்.

அன்றைய பாடப்புத்தகத்தின்படி ஹார்மோன் என்பது செல்லின் சவ்விலோ என்சைமிலோ ஏதோ மாற்றம் செய்யும் பொருள். கார்ல்சன் சொன்னார்: இல்லை, ஸ்டீராய்டு ஹார்மோன் மரபணுவிடம் போய்ப் பேசுகிறது, மரபணு விழிக்கிறது, புதுப் புரதம் வருகிறது, அதுதான் விளைவு. உடனே எல்லோரும் ஏற்கவில்லை. உப்பின் அளவு மாறுவதால்தான் குரோமோசோம் உப்புகிறது என்று குரோகர் எதிர்வாதம் வைத்தார், அந்தச் சண்டை பல வருடம் நடந்தது. அதே காலத்தில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் கருப்பைச் செல்லுக்குள் ஒரு ஏற்பியோடு ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிய சுரங்கம் நடுவில் சந்தித்தது.

இதை என் வேலையோடு சேர்த்துச் சொல்கிறேன். மூச்சிரைப்போடு ஆஸ்துமா நோயாளி நடுராத்திரி வருகிறார். நெபுலைசரில் சால்பியூட்டமால் வைத்தால் சில நிமிடங்களில் நெஞ்சு இளகும். கூடவே ஸ்டீராய்டும் கொடுப்போம். "அந்த ஊசி போட்டும் ஒண்ணும் தெரியலையே சார்" என்பார் கூட வந்தவர். தெரியாது. அதற்கு மணிக்கணக்கு வேண்டும். சால்பியூட்டமால் சவ்வில் உள்ள ஏற்பியைத் தட்டுகிறது. ஸ்டீராய்டோ செல்லுக்குள் போய், ஏற்பியோடு சேர்ந்து, மரபணுவைத் தொட்டு, சிலதை எழுப்பி, சிலதை அடக்கி, அதற்கேற்பப் புரதங்கள் மாற வேண்டும். நேரம் ஆகத்தான் செய்யும்.

ஏழாம் எட்டாம் மாதத்தில் வலி வந்துவிட்ட தாய்க்கு டெக்சாமெதசோன் ஊசி போடுகிறோமே, அதுவும் இதே வழிதான். நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972ல் நிரூபித்தது. தாய்க்குப் போட்ட ஸ்டீராய்டு குழந்தையின் நுரையீரல் செல்களில் மரபணுக்களை எழுப்புகிறது, தண்ணீரில் இருந்த நுரையீரல் காற்றுக்குத் தயாராகிறது. ஒரு வகையில் அதுவும் உருமாற்றம்தான்.

பழைய இடத்துக்கு வருவோம். எக்டைசோன் மரபணுவை எழுப்புகிறது, சரி. ஆனால் சட்டைத் துணிக்கான புரத மரபணுக்கள்? பட்டுப்புழுவில் மட்டும் மேலோட்டுப் புரதத்துக்கென்று 200க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. எது எப்போது?

கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஆஷ்பர்னர் 1970களில் பழ ஈயின் எச்சில் சுரப்பிகளைத் தட்டில் வைத்து, எக்டைசோனைப் போட்டும் எடுத்தும் மணிக்கு மணி பார்த்தார். முதலில் எழுவது கைவிரலில் எண்ணும் அளவு இடங்கள்தான். அவை உருவாக்கும் புரதங்கள் போய் நூற்றுக்கும் மேற்பட்ட அடுத்த கட்ட இடங்களை எழுப்புகின்றன, கூடவே தங்களைத் தாங்களே அணைத்தும் கொள்கின்றன. கலெக்டர் தாசில்தாரிடம் சொல்ல, தாசில்தார் வி.ஏ.ஓ.க்களை விரட்டுவது மாதிரி. எக்டைசோன் எல்லா மரபணுவின் காதிலும் தானே போய்ப் பேசுவதில்லை.

அதைவிட விசித்திரமான விஷயம் அமெரிக்காவில் பெர்க்லியில் கிடைத்தது. ஃபிரிஸ்ட்ரம் தம்பதி பழ ஈயின் சிறகு, கால் மொட்டுத் திசுக்களைத் தட்டில் வளர்த்து எக்டைசோன் கொடுத்தார்கள். ஹார்மோனைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருந்தால் திசு உருவம் மாறியது, ஆனால் மேலோடு வரவில்லை. கொடுத்து, பிறகு கழுவி எடுத்தால்தான் கூட்டுப்புழுச் சட்டைப் புரத மரபணுக்கள் விழித்தன. ஹார்மோன் வரவும் வேண்டும், போகவும் வேண்டும். முதலாளி வந்து துணியை வெட்டச் சொல்லிவிட்டு, கடையை விட்டு வெளியே போன பிறகுதான் டெய்லர் தைக்கவே உட்காருகிறார்!

இதற்கான காரணமும் பின்னால் கிடைத்தது. எக்டைசோன் ஏறி இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு இடைத்தரகர் புரதம் உண்டு. அதுதான் சில சட்டைப் புரத மரபணுக்களின் வாசலில் போய் ஒட்டி அவற்றை எழுப்புகிறது. ஹார்மோன் அளவு உச்சத்திலேயே நின்றுவிட்டால் அந்தத் தரகர் வரவே மாட்டார். மருந்தின் டோஸ் மட்டும் போதாது, எந்த நேரம், எத்தனை நேரம் என்பதும் டோஸின் பகுதிதான் என்று நோயாளியிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும்.

மாடலைத் தீர்மானிக்கும் முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் லின் ரிடிஃபோர்ட். வில்லியம்ஸிடம் பாடம் கற்றவர், பிறகு சியாட்டிலில் புகையிலைக் கொம்புப்புழுவை வைத்துப் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். புழுவின் தோலைத் தட்டில் வைத்து, இளமை ஹார்மோன் இல்லாமல் எக்டைசோனை மட்டும் கொடுத்தால், அந்தத் தோல் "இனி நான் புழுச் சட்டை தைக்க மாட்டேன்" என்று முடிவெடுத்துவிடும். அதற்குப் பிறகு இளமை ஹார்மோனைக் கொட்டினாலும் பின்வாங்காது. புழுச் சட்டைப் புரத மரபணுக்கள் நிரந்தரமாக மூடப்பட்டுவிடும்.

அந்த முடிவைக் கையில் வைத்திருப்பது பிராட் என்ற மரபணு என்று 2002ல் அவரும் ஜோவும் காட்டினார்கள். புழுப் பருவத்திலேயே பிராடை வலுக்கட்டாயமாக எழுப்பினால் அகாலத்தில் கூட்டுப்புழுச் சட்டை மரபணுக்கள் விழித்தன. பூச்சிச் சட்டை தைக்கும் நேரத்தில் பிராடை எழுப்பினால் மறுபடி கூட்டுப்புழுச் சட்டை மரபணுவே வேலை செய்தது. விக்கிள்ஸ்வொர்த் மூட்டையின் வயிற்றில் எழுதிய எழுத்தை, இவர்கள் மரபணுவின் பெயரோடு வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

எக்டைசோனின் ஏற்பியை ஸ்டான்ஃபோர்டில் ஹாக்னெஸ் ஆய்வகம் 1991ல் கண்டெடுத்தது. மனிதனின் கார்டிசால் ஏற்பி 1985ல் கிடைத்திருந்தது. இரண்டும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி மாதிரியான புரதங்கள்.

"சரி டாக்டர், இதனால எனக்கு என்ன?" என்றால், உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கே வருகிறேன்.

1960களின் நடுவில் பிராகில் இருந்து காரெல் ஸ்லாமா என்பவர் தன் பூச்சிகளோடு ஹார்வர்டுக்கு, வில்லியம்ஸிடம் வந்தார். பிராகில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் இங்கே பெரியதாக மாறாமல், கூடுதலாக ஒரு முறை குஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு செத்தன. யாரோ இளமை ஹார்மோன் கொடுத்தது போல. தேடித் தேடிப் பார்த்தால், குற்றவாளி கூண்டுக்குள் விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்கப் பத்திரிகைத் தாள்களைப் போட்டாலும் அதே கதை, நியூயார்க் டைம்ஸ் உட்பட. லண்டன் டைம்ஸ் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபிர் என்ற மரத்தில் இருந்து வருகிறது. அந்த மரம் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு பொருளைத் தன்னிடம் வைத்திருக்கிறது.

வில்லியம்ஸ் ஏற்கெனவே 1956ல் செக்ரோபியா ஆண் பூச்சியின் வயிற்றில் இருந்து இளமை ஹார்மோன் நிறைந்த பொன்னிற எண்ணெயை எடுத்து, இது ஒரு நாள் பூச்சிமருந்தாகும் என்று சொல்லியிருந்தார். 1967ல் இதற்கு மூன்றாம் தலைமுறைப் பூச்சிக்கொல்லி என்று பெயரிட்டார். தன் சொந்த ஹார்மோனுக்கு எதிராகப் பூச்சி எப்படிப் பழகும் என்பது அவர் நம்பிக்கை. அது பொய்த்தது, 1972லேயே சில வீட்டு ஈக்களிடம் எதிர்ப்பு தென்பட்டது. ஆனால் மருந்து பொய்க்கவில்லை. இளமை ஹார்மோன் போலியான மெத்தோபிரீன் 1975ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னால் பைரிப்ராக்ஸிஃபென் வந்தது.

நம் ஊரில் டெங்கு சீசனில் தொட்டிக்கு ஊற்றும் அபேட், டெமிபாஸ் என்ற நரம்பு மருந்து, ஆர்கனோபாஸ்பரஸ் வகை. சொன்ன அளவில் குடிநீரிலும் பாதுகாப்பானது, உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதி உண்டு. பைரிப்ராக்ஸிஃபென் வழி வேறு. கொசுப்புழுவைப் பெரியதாக மாற விடாமல் சட்டை மாடலைக் குழப்பும். குடிநீர்ப் பாத்திரத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நமக்கு இளமை ஹார்மோனும் கிடையாது, அதன் ஏற்பியும் கிடையாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில், பிரேசிலில் சின்னத் தலையோடு குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தபோது, காரணம் ஜிகா வைரஸ் இல்லை, தண்ணீரில் போட்ட பைரிப்ராக்ஸிஃபென்தான் என்று அர்ஜென்டினாவில் இருந்து ஒரு டாக்டர்கள் குழுவே அறிக்கை விட்டது. உலகம் முழுக்கப் பரவியது. ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம் மருந்தையே நிறுத்தி வைத்தது. பாதிப்பு மோசமாக இருந்த ரெசிஃபி நகரத்தில் அந்த மருந்து பயன்பாட்டிலேயே இல்லை என்று பிரேசில் சுகாதார அமைச்சகம் சொன்னது. பெர்னாம்புகோ மாநிலத்தில் ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்த்தபோதும் மருந்துக்கும் தலை சிறுத்ததற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று தெரிந்த நேரத்தில், கொசு மருந்தை நிறுத்த வைத்த வதந்தி அது. இப்படி ஒரு ஃபார்வர்டு நாளை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வரலாம்.

இதே அறிவை நம் பக்கத்துப் பட்டு விவசாயிகள் நல்ல காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். தாவரங்களில் இருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருளைக் கடைசி நாட்களில் மல்பெரி இலையில் தெளித்துக் கொடுத்தால், முன்னும் பின்னுமாகப் பழுக்கும் புழுக்கள் ஒரே நேரத்தில் பழுத்துக் கூடு கட்ட ஏறும். ராத்திரி பகலாகப் புழு பொறுக்குகிற கூலி மிச்சம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இந்த ஹார்மோன் வகை மருந்து போட்ட தண்ணீரில் மறுநாள் எட்டிப் பார்த்தால் கொசுப்புழு நெளிந்துகொண்டுதான் இருக்கும். "மருந்து வேலை செய்யல" என்று தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். இதில் எண்ண வேண்டியது செத்த புழுவை இல்லை. கூட்டுப்புழுக்களை ஒரு கப்பில் எடுத்து வலை கட்டி வைத்து, எத்தனை கொசு வெளியே வந்தது என்று எண்ண வேண்டும். மருந்து வேலை செய்திருந்தால் பல கூட்டுப்புழுக்கள் அப்படியே செத்திருக்கும். சிலதில் மட்டும் கொசு தண்ணீர் மட்டத்தில் பாதி உடம்பு பழைய சட்டைக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுபோயிருக்கும்.